பழைய பிளேனரில் பலகை நகராமல் நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையைத் தடிமனுக்கு இழைக்கும் பழைய பிளேனர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: மரம் உள்ளே போகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. தள்ளினால் கொஞ்சம் நகர்கிறது, மறுபடியும் நிற்கிறது. அந்தக் கேள்விகளையும், தினமும் இந்த மெஷினோடு வேலை செய்து எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு உடல், செயினோ கியரோ ஓட்டும் ரோலர்கள், பலகை ஓடும் தளமான மேடைக்குள் பதிந்து பலகையை அடியிலிருந்து தாங்கும் ரோலர்கள் இரண்டு (இவற்றை அடி ரோலர் என்கிறேன்) உள்ள மெஷின்களுக்கு இது பொருந்தும்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பலகை நுழையும் பக்கம் மேலே இருப்பது முன் ரோலர். பழைய மெஷினில் இது பல் வெட்டிய இரும்பு. வெளியேறும் பக்கம் இருப்பது பின் ரோலர், வழவழப்பான இரும்பாகவோ ரப்பர் போர்த்தியதாகவோ இருக்கும். நடுவில் பிளேடுகளைத் தாங்கிச் சுற்றுவது கட்டர். கட்டருக்கு முன்னால் மரத்தை அழுத்தி நார் பிய்ந்து வராமல் காப்பது சிப் பிரேக்கர். கட்டருக்குப் பின்னால், இழைத்த முகத்தைத் தொட்டபடி நிற்கும் இரும்புப் பட்டை பிரஷர் பார். எல்லா மெஷினிலும் பிரஷர் பார் இருக்காது.

பலகை பாதியில் நின்றுவிட்டது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் காதும் கண்ணும் போதும்.

பலகை நிற்கும் அந்த நேரத்தில் ரோலர் சுற்றுகிறதா, அதுவும் நின்றுவிட்டதா? இதுதான் முதல் கேள்வி. முன் ரோலரின் தண்டு முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஓரமாக நின்று பார்த்தாலே தெரியும். கோடு சுற்றிக்கொண்டே இருக்க, பலகை மட்டும் நின்றால், ரோலருக்குப் பிடி போதவில்லை அல்லது பலகையை ஏதோ தடுக்கிறது. கோடும் சேர்ந்து நின்றால் கோளாறு ரோலரை ஓட்டும் பகுதியில்: செயின், கியர், கிளட்ச், பெல்ட். இவை இரண்டும் வேறு வேறு வைத்தியம். இதைப் பிரிக்காமல் கை வைத்தால் நாள் முழுக்க வீணாகும்.

கட்டரின் சத்தத்தையும் கவனியுங்கள். ரோலர் நிற்கும்போது கட்டரின் இரைச்சல் மாறாமல் ஒரே சீராக இருந்தால் மோட்டார் நலமாக இருக்கிறது, ரோலருக்குப் போகும் ஓட்டத்தில்தான் வழுக்கல். கட்டரும் சேர்ந்து முனகித் தாழ்ந்தால் மோட்டாரையோ, மெயின் பெல்ட்டையோ, மொக்கைப் பிளேடையோ பார்க்க வேண்டும்.

அடுத்தது, பலகை எந்த இடத்தில் நின்றது என்பது. மூன்று இடங்கள் உண்டு. கட்டரைத் தொடும் முன்பே, அல்லது தொட்ட உடனே நின்றால்: வெட்டு ஆழம், சிப் பிரேக்கர், முன் ரோலரின் பிடி. கட்டரைத் தாண்டிய நுனி, பின் ரோலரை எட்டுவதற்குள் எதிலோ முட்டியது போல நின்றால்: பிரஷர் பார். பலகை முழுக்க நன்றாக வந்து, வால் பகுதி முன் ரோலரை விட்ட பிறகு நின்றால்: பின் ரோலர். ஏனென்றால் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குப் பலகையை இழுப்பது பின் ரோலர் ஒன்றுதான்.

எங்கேயும் குறிப்பாக நிற்காமல் நெடுகிலும் திக்கித் திக்கிப் போனால் மேடையைச் சந்தேகப்படுங்கள்.

மாட்டிக்கொண்ட பலகையை எப்படி எடுப்பது?

சுவிட்சை அணைத்து, கட்டர் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். பழைய கனமான கட்டர் அணைத்த பிறகும் வெகுநேரம் சுற்றும், சத்தம் அடங்கியது என்று நம்பிக் கையை விடக் கூடாது. பிறகு மேடையை இறக்குங்கள். பலகை தானாகத் தளரும்.

ஓடும்போது குனிந்து உள்ளே பார்ப்பதும், பலகைக்கு நேர் பின்னால் நின்று வயிற்றால் தள்ளுவதும் வேண்டவே வேண்டாம். பிடி விட்ட பலகை நீங்கள் நிற்கும் பக்கமாகத்தான் பாய்ந்து வரும். எப்போதும் ஓரமாக நில்லுங்கள். கீழே சொல்லும் எந்தச் சரிசெய்தலுக்கும் மின் இணைப்பையே பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ரோலர் சுற்றுகிறது, பலகை நகரவில்லை. ஸ்பிரிங்கை இறுக்கினால் போதாதா?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நானும் செய்தேன். பழையதாக வாங்கிய என் முதல் மெஷினில் மரம் நிற்க ஆரம்பித்ததும் முன் ரோலரை மரத்தின் மேல் அழுத்தும் ஸ்பிரிங்கின் திருகை அரைச் சுற்று இறுக்கினேன். ஒரு வாரம் ஓடியது. மறுபடி நின்றது, மறுபடி அரைச் சுற்று. இப்படியே போய், கடைசியில் திருகு அடிவரை இறங்கிவிட்டது. மெல்லிய வெட்டு எடுத்தால் இழைத்த முகத்தில் ரோலர் பற்களின் தடம் வரிசையாகத் தெரிந்தது, பலகை அப்போதும் நின்றது. ஒரு நாள் வெறும் கையால் மேடையைத் தடவிப் பார்த்தேன். இரண்டு அடி ரோலர்களுக்கும் நடுவில், உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிசின் படிந்திருந்தது. மேலிருந்து அழுத்த அழுத்த, பலகையை அந்தப் பிசினின் மேல்தான் நான் இன்னும் பலமாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோலரின் அழுத்தம் கூடும்போது பிடியும் கூடும், மேடையில் உராய்வும் சேர்ந்தே கூடும். மேடை வழவழப்பாக இருந்தால் பிடி ஜெயிக்கும். மேடை ஒட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் உராய்வுதான் ஜெயிக்கும். அதனால் வரிசை இதுதான்: மேடை, அடி ரோலர், ரோலரின் முகம், பிளேடின் கூர். இவை நான்கும் சரியான பிறகும் நின்றால் மட்டும் ஸ்பிரிங். அப்போதும் கால் கால் சுற்றாக, இரண்டு பக்கமும் சமமாக. தொடுமுன் திருகு எந்த நிலையில் இருந்தது என்று பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையை எதனால் துடைப்பது? என்ன பூசுவது?

மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ நனைத்த துணியைப் பிசின் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும். பிறகு மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். உளியால் சுரண்டினால் கீறல் விழும், அடுத்த பிசின் அந்தக் கீறலில்தான் உட்காரும். துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளை எண்ணெய் தொட்டு, பலகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே வேண்டாம். மண்ணெண்ணெய் ஈரம் முழுக்க உலர்ந்த பின்தான் மெஷினை ஓட்ட வேண்டும், நனைந்த துணியையும் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள்.

பூசுவதற்கு மெழுகுதான் நல்லது. பேஸ்ட் மெழுகைத் தேய்த்து, காய்ந்ததும் துணியால் மெருகேற்றினால் அது தரும் வித்தியாசத்தைக் கையிலேயே உணரலாம். அது கிடைக்காத அன்று சாதாரண மெழுகுவர்த்தியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாலும் வேலை ஓடும். எண்ணெய் பூசாதீர்கள், அது தூளைச் சேர்த்துக் கூழாக்கும், மரத்திலும் கறை ஏறும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரேயும் வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு போடும் பாலிஷ் அந்த இடங்களில் குழிக்குழியாக விலகி நிற்கும்.

மெழுகு மேடைக்கு மட்டும். ரோலரில் கொஞ்சம் பட்டாலும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

அடி ரோலர் மேடைக்கு மேல் எவ்வளவு தூக்கி இருக்க வேண்டும்?

இழைப்பு நன்றாக வர வேண்டிய வேலைக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. அறுத்தபடியே வரும் சொரசொரப்பான மரத்துக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே மெஷினை வைத்திருப்பவர்கள் 0.15 அளவில் விட்டுவிடலாம்.

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. சாதாரண நகலெடுக்கும் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். நேரான இரும்புப் பட்டை ஒன்றை இரண்டு அடி ரோலர்கள் மீதும் படும்படி நீளவாக்கில் வையுங்கள். நடுவில், பட்டைக்கும் மேடைக்கும் இடையே ஒரு தாள் துண்டைச் செருகி இழுங்கள். லேசாக உரசிக்கொண்டு வந்தால் 0.1. தடையில்லாமல் வந்தால் இரண்டு தாள், மூன்று தாள் என்று கூட்டிப் பாருங்கள். பட்டையை இடது ஓரத்தில் வைத்து ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை. நான்கு முனைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாழ்ந்திருந்தால் பலகை அந்தப் பக்கம் மேடையில் இழுபடும்.

அதிகம் தூக்கினால் பலகை வழுக்கிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய பலகை இரண்டு ரோலருக்கும் நடுவே தொய்ந்து அதிரும், இரண்டு முனையிலும் பள்ளம் விழும். முனைப் பள்ளத்தைப் பொறுக்க முடியாமல் சிலர் அடி ரோலரை மேடைக்குக் கீழேயே இறக்கிவிடுகிறார்கள். அந்த அமைப்பில் மேடை எப்போதும் மெழுகோடு இருந்தால்தான் பலகை போகும்.

அடி ரோலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இருந்தால் அடியில் சீவல் நெருக்கி அடைத்திருக்கும். பல நாள் சுற்றாமலே மரம் ஓடியிருந்தால் ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், அதைக் கடைசல் பிடித்தோ மாற்றியோதான் ஆக வேண்டும்.

முன் ரோலர் பல்லெல்லாம் அடைத்துக் கிடக்கிறது.

பித்தளைக் கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும். பல் கூர்மையாக இருந்தாலும் பள்ளம் நிறையப் பிசினும் தூளும் சேர்ந்துவிட்டால் அது மொட்டை ரோலர் மாதிரிதான். தனித்தனித் துண்டுகளைக் கோர்த்துச் செய்த ரோலர் உள்ள மெஷினில் ஒவ்வொரு துண்டையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், தனித்தனியாக மேலும் கீழும் அசைய வேண்டும். இடையில் தூள் இறுகியிருந்தால் அசையாது.

ரப்பர் ரோலர் வழுக்குகிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் லேசாகப் பதிந்து, எடுத்ததும் தடம் மறைந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறியிருப்பதுதான் வழுக்கலுக்குக் காரணம். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ நனைத்த துணியால் துடைத்து, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் அந்தப் பளபளப்பை எடுத்துவிட்டால் பிடி திரும்பி வரும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எதையும் ரப்பரில் தொடாதீர்கள். ஊறிப்போய் பிசுபிசுக்கும்.

நகமே இறங்காமல் கட்டையாக இருந்தால், வெடிப்பு விட்டிருந்தால், அல்லது ஒரு இடம் மட்டும் குழிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. ரோலரைக் கழற்றி, ரப்பர் போர்த்தித் தருபவர்களிடம் கொடுத்துப் புதிதாகப் போர்த்திக்கொள்ள வேண்டும். யூரித்தேனும் போர்த்துகிறார்கள், அது பிசினையும் எண்ணெயையும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். கழற்றும் முன் ரோலரின் விட்டத்தை, தேயாத ஓரத்தில் அளந்து குறித்துவையுங்கள். புதியது அந்த விட்டத்தில்தான் வர வேண்டும், இல்லையென்றால் ரோலரின் உயரமும் பலகையின் வேகமும் மாறிவிடும்.

பிளேடு மாற்றும்வரை நன்றாக ஓடியது. புதுப் பிளேடு போட்டதும் பலகை முட்டி நிற்கிறது. ஏன்?

இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் பிளேடு என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

கட்டர் சுற்றும்போது பிளேடின் நுனி ஒரு வட்டம் போடும். அதை வெட்டு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். இழைத்த முகம் அந்த வட்டத்தின் அடிப்புள்ளி உயரத்தில்தான் வெளியே வருகிறது. முன் ரோலர், சிப் பிரேக்கர், பிரஷர் பார், பின் ரோலர் எல்லாமே அந்தப் புள்ளியை ஒட்டித்தான் அமைக்கப்பட்டிருக்கும். இப்போது புதுப் பிளேடை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டீர்கள் என்றால் வட்டம் சிறுத்துவிடும், இழைத்த முகம் சற்று உயரமாக வெளியே வரும். பிரஷர் பார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, வெளியே வரும் பலகைக்கு அது ஒரு வாசற்படி மாதிரி. நுனி நேராகப் போய் அதில் முட்டும்.

தலைகீழாக, பிளேடை வெளியே அதிகம் நீட்டிப் பூட்டினால் முகம் தாழ்வாக வரும். பிரஷர் பார் தொடாது, பின் ரோலரும் சரியாக எட்டாது. பலகை நன்றாகப் போய், வால் பகுதியில் வந்து நிற்கும், முனையில் பள்ளமும் விழும்.

எனவே பிளேடு மாற்றும் முன்பு அது கட்டர் உடம்பிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதையும் அதே அளவுக்குப் பூட்டினால் மற்ற எதையும் தொட வேண்டியிருக்காது.

பிரஷர் பாரை எப்படிச் சரி செய்வது?

அது வெட்டு வட்டத்தின் அடிப்புள்ளியோடு சமமாக இருக்க வேண்டும். தாளின் தடிமன் அளவுக்குத் தாழ்ந்தாலே பலகை நின்றுவிடும். முதலில் அதன் அடிப்பக்கத்தைத் துடையுங்கள், அங்கே ஒட்டிய பிசினே போதும் பலகையை நிறுத்த. அப்புறம் இரண்டு திருகையும் சமமாகத் திருப்பிப் பாரை நன்றாக மேலே தூக்கிவிட்டு, ஒரு முகம் நேராக இழைத்த, அகலமான நல்ல பலகை ஒன்றை ஓட்டுங்கள். தடையில்லாமல் போகும், ஆனால் முனையில் பள்ளம் விழும். மெஷினை நிறுத்தி, இரண்டு பக்கமும் எட்டில் ஒரு சுற்று இறக்குங்கள். மறுபடி ஓட்டுங்கள். இப்படியே இறக்கிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் பலகை தயங்கும். அங்கிருந்து ஒரு மயிரிழை மேலே ஏற்றி லாக் நட்டை இறுக்கிவிடுங்கள். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

பலகை நேராகப் போகாமல் ஒரு பக்கமாகத் திரும்புகிறது.

இரண்டு பக்க ஸ்பிரிங்கும் சமமாக இல்லை. அழுத்தம் அதிகமுள்ள பக்கம் முந்திக்கொண்டு போகும், குறைந்த பக்கம் பின்தங்கும், பலகையின் நுனி பின்தங்கும் பக்கம் நோக்கித் திரும்பும்.

சோதிக்க, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரே பலகையிலிருந்து அறுத்த சம தடிமன் பட்டைகள் இரண்டை எடுங்கள். ஒன்றை முன் ரோலரின் இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும், கட்டரை எட்டாதபடி, ரோலருக்கு அடியில் மட்டும் வையுங்கள். ரோலர் லேசாகத் தூக்கும்வரை மேடையை ஏற்றி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கைக்கே தெரிந்துவிடும். எளிதாக உருவி வரும் பக்கத்தை இறுக்குவதற்கு முன், மறுபக்கம் தேவைக்கு மேல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இறுகிய பக்கத்தைத் தளர்த்துவதே சரியான வழியாக இருக்கும். ஒரு ஸ்பிரிங் முறிந்து உள்ளேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு. முறிந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஸ்பிரிங் புதிது, ரோலரும் சுத்தம். ஆனாலும் ரோலர் மரத்தின்மேல் உட்கார மாட்டேன் என்கிறது.

ரோலர் தண்டின் இரண்டு முனைகளும் ஒவ்வொரு இரும்புக் கட்டையில் ஓடுகின்றன. அந்தக் கட்டை, மெஷின் உடம்பில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் சறுக்க வேண்டும். பல வருடம் அதில் விட்ட எண்ணெயும், பறந்து வந்த மரத்தூளும் சேர்ந்து இறுகியிருக்கும். மெல்லிய மூங்கில் குச்சியை அந்தப் பள்ளத்தில் விட்டு இழுத்துப் பாருங்கள். கறுப்பாக, உலர்ந்த தார் மாதிரி சுருண்டு வரும். ஒரு தடவை எடுத்ததில் கட்டையின் மேல்விளிம்பு பதிந்த அச்சுகூட அதில் அப்படியே இருந்தது. அத்தனை நாளும் ரோலர் அந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, ஸ்பிரிங் அழுத்தியது மரத்தை அல்ல, அந்தக் கறுப்புக் கட்டியை.

ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டையை வெளியே எடுத்து, பள்ளத்தை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். மீண்டும் மாட்டும்போது கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் தூள் தடவுங்கள், அதில் மரத்தூள் ஒட்டாது. தண்டு ஓடும் புஷ்ஷுக்கு மட்டும் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய். ஸ்பிரிங் இல்லாத நிலையில் ரோலரைக் கையால் தூக்கி விட்டால் தன் எடையாலேயே தொப்பென்று கீழே விழ வேண்டும். அப்படி விழுந்தால் சரி.

பலகை ஏறியதும் ரோலரே நின்றுவிடுகிறது. வெறுமனே ஓட்டினால் சுற்றுகிறது.

ஓட்டும் பகுதியை மோட்டாரிலிருந்து ரோலர் வரை வரிசையாகப் பாருங்கள். பெல்ட் எண்ணெய்ப்பட்டு வழுக்குகிறதா? கியர் பாக்ஸிலிருந்து கசியும் எண்ணெய் பெல்ட்டில் சொட்டுவது பழைய மெஷினில் சகஜம், அப்போது எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் வழுக்கும். கியர் லிவர் கனம் வந்ததும் தானாக வெளியே துள்ளுகிறதா? துள்ளினால் உள்ளே பற்களின் மூலை உருண்டு தேய்ந்திருக்கும்.

செயின் ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கட்டாயம் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டையும் தண்டையும் பிணைக்கும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு அறுந்திருந்தாலோ, தலையில்லாத சிறு திருகான கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ வெறும் ஓட்டத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். உராய்வு மட்டுமே தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், மரம் ஏறியதும் ஸ்ப்ராக்கெட் தனியாகச் சுற்றும். தண்டின் முகத்திலும் ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலும் சேர்த்து ஒரே நேர்க்கோடு போட்டுவிட்டு ஒரு பலகையை ஓட்டுங்கள். பிறகு மெஷினை நிறுத்திப் பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் கோளாறு அகப்பட்டுவிட்டது.

செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் டக் டக் என்று சத்தம் வரும், பலகையும் அதே தாளத்தில் திக்கும்.

மோட்டாரே தளர்ந்துபோகிறது.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் வராவிட்டால் உறுமும், சூடேறும், இழுக்காது. உடனே அணைத்துவிட்டு மின்பணி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு ஃபேஸ் மோட்டாராக இருந்தால், நீண்ட மெல்லிய வயரில் இழுத்த மின்சாரமே காரணமாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பிளேடு மொக்கை.

மொக்கைப் பிளேடுக்கும் பலகை நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கூரான பிளேடு நாரை வெட்டும். மொக்கையானது மேலிருந்து அடித்து நசுக்கும், அந்த அடி பலகையைப் பின்னோக்கித் தள்ளும். ரோலர் முன்னே இழுக்க, பிளேடு பின்னே தள்ள, நடுவில் பலகை நிற்கிறது. மெஷினிலேயே வைத்துக் கல்லால் தீட்டும் பழக்கம் இருந்தால் பிளேடின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியை ஒட்டிப் பளிச்சென்று ஒரு பட்டைக் கோடு தெரியும். அது முக்கால் மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால், கழற்றிச் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. கூர் இருப்பது போலத் தோன்றினாலும் அந்தப் பட்டை மரத்தைத் தேய்க்கும்.

ஒரு சில பலகைகள் மட்டும் நிற்கின்றன, மற்றவை போகின்றன.

அப்படியென்றால் மெஷினை விடுங்கள், பலகையைப் பாருங்கள். அறுத்த பலகை எங்கும் ஒரே தடிமனாக இருக்காது. நுனியில் 1 மி.மீ. வெட்டு என்று வைத்து நுழைத்தால், நடுவில் அது 4 மி.மீ. ஆகிவிடலாம். தடித்த இடத்தை அளந்து அதற்கேற்ப மேடையை வையுங்கள். அகலமான பலகைக்கு ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும், குறுகியதற்கு 2 வரை போகலாம். முறுக்கிய பலகையாக இருந்தால் அது மேடையில் இரண்டு மூலையில் மட்டும் உட்கார்ந்து ஆடும், ஒரு முகத்தை நேர்ப்படுத்திய பிறகே இதில் விட வேண்டும். ஈரம் காயாத மரமும் பிசின் மரமும் மேடையில் ஒட்டும். அவற்றை இழைக்கும் நாளில் நடுநடுவே நிறுத்தி மேடையைத் துடைத்து மெழுகு போட வேண்டும், வேறு வழி இல்லை.

எவ்வளவு குட்டையான துண்டை விடலாம்?

முன் ரோலருக்கும் பின் ரோலருக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அதைவிடக் குறைந்தது 50 மி.மீ. நீளமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது எந்த ரோலரின் பிடியிலும் இல்லாமல் கட்டருக்கு அடியில் கிடக்கும். அது நின்றுபோவதோடு போகாது, பாய்ந்து வரும். குட்டைத் துண்டு வேண்டுமென்றால் நீளமாக இழைத்துவிட்டு அறுங்கள்.

பலகை பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் தொங்கு நகங்கள் மரத்தில் உரசுகின்றன. கழற்றிவிடலாமா?

கூடாது. உரசுகின்றன என்றால் பிசினால் ஒட்டி ஆடாமல் நிற்கின்றன. கழுவி, ஒவ்வொன்றும் விரலால் தூக்கி விட்டால் தானாக விழும்படி செய்யுங்கள்.

முன் ரோலரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது.

குறுகிய சட்டங்களை எப்போதும் நடுவிலேயே விட்டு வந்ததன் பலன். மேடையிலும் அதே இடத்தில் பள்ளம் இருக்கும். நேரான பட்டையை ரோலர் மீதும் மேடை மீதும் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தேய்மானம் குறைவாக இருந்தால் இனிமேல் சட்டங்களை இடது, நடு, வலது என்று மாற்றி மாற்றி விட்டு வாருங்கள். அதிகமானால் ரோலரைக் கடைசலில் கொடுத்துப் பல் வெட்ட வேண்டும்.

என் மெஷினுக்குக் கைப்புத்தகமே இல்லை. அளவுகளை எங்கிருந்து எடுப்பது?

வெட்டு வட்டத்திலிருந்து எடுங்கள். காய்ந்த கெட்டி மரத்தில், ஒரே உயரத்தில் இரண்டு கட்டைகள் செய்துகொள்ளுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அவற்றை மேடையில் கட்டருக்கு நேர் கீழே, இரண்டு ஓரத்திலும் வைத்து, கட்டரைக் கையால் மெல்லத் திருப்பியபடி மேடையை ஏற்றுங்கள். பிளேடு நுனி கட்டையை முத்தமிட்டது போலத் தொட்டு நகரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி தொட வேண்டும், இல்லையென்றால் மேடையோ பிளேடோ சாய்வு, முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

பிறகு மேடையை அசைக்காமல் அந்தக் கட்டைகளை ஒவ்வொரு உறுப்புக்கும் கீழே நகர்த்துங்கள். முன் ரோலர் வெட்டு வட்டத்தைவிட ஏறக்குறைய 1 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது கட்டை நுழையும்போது அந்த அளவுக்குத் தூக்கப்பட வேண்டும். சிப் பிரேக்கரும் பின் ரோலரும் 0.5 முதல் 0.8 மி.மீ. தாழ்வு. பிரஷர் பார் சமம். பல பழைய மெஷின்களுக்கு இந்த எல்லை ஒத்துவரும், உங்கள் மெஷினுக்கான கைப்புத்தகம் பின்னால் கிடைத்தால் அதில் உள்ள எண்தான் முடிவானது.

அளந்த எண்களை, தேதி போட்டு, மெஷினின் மூடிக்கு உட்புறம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். அடுத்த தடவை பலகை நிற்கும்போது எது மாறியிருக்கிறது என்பதை அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.